ஐம்பத்து நான்கு பாட்டு வகுப்புகள்

வகுப்பில் நாம் நாற்பத்து மூன்று பேர் இருந்தோம். பழைய மாணவர் குழுவில் இப்போது இருப்பது பதினோரு பேர். போன வியாழக்கிழமை சைக்கிள் கடைக்காரர் மகன் குழுவில் போட்ட குரல்பதிவுக்கு ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். நான் காட்டவில்லை. அதைக் கவனித்துவிட்டு அவன் எனக்குத் தனியாகப் போன் செய்தான்.

"மச்சான், கேட்டியா? பாட்டு டீச்சர் உசுரோட இருக்காங்கடா. சிதம்பரத்துல, கீழ வீதிக்குப் பின்னால ஒரு சந்துல. எம் மருமவன் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டான்."

"வயசு என்னா இருக்கும்?"

"எம்பத்தஞ்சாம். காது கொஞ்சம் மந்தம். மத்தபடி எழுந்து நடமாடுறாங்களாம். ஞாயித்துக்கெழம வேன் சொல்லிட்டேன். ஒரு பொன்னாட, ஒரு பழத்தட்டு. கப்பல் பாட்டு பாடுறோம். நீதான் தாளம்."

"வேன்ல எத்தன சீட்டு?"

"பன்னெண்டு. மொதல்ல அதத்தான் கேப்பன்னு எனக்குத் தெரியும்." சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒன்னு மட்டும் புரியல மச்சான். அவுங்க கல்யாணமே பண்ணிக்கலையாம். நாம வளையல் வாங்கிக் குடுத்து அனுப்புனோமே? அப்ப எதுக்குத்தான் போனாங்க?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்கு கோடும் இருந்தது.

அவன் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். அறுபத்தைந்து ஆண்டுகளாகத் தெரியும். பேசினால் நடுவில் நீங்கள் குறுக்கிடுவீர்கள், எனக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் எழுதுகிறேன். என்னைக் கழித்தால் பத்துப் பேர். பத்துப் பேரும் சனிக்கிழமைக்குள் படித்துவிட்டு, வேனில் எனக்கு இடம் உண்டா என்று சொல்லுங்கள்.

கடலூர் ஓ.டி.யில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நம் பள்ளி. ஓட்டுக்கூரை, ஐந்து அறைகள், பதினொரு ஜன்னல்கள். அதில் நான்கு ஜன்னல்களைச் சாத்த முடியாது. காற்று கிழக்கே இருந்து வந்தால் கருவாட்டு வாசம், மேற்கே இருந்து வந்தால் ரயில் எஞ்சின் புகை. என் அப்பா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். அதனால் பாட்டு டீச்சர் வரப்போவது உங்களுக்கெல்லாம் தெரிவதற்கு மூன்று நாள் முன்பே எனக்குத் தெரியும்.

"நம்ம பையன் ஸ்கூலுக்குப் பாட்டு டீச்சர் போட்டிருக்காங்க," என்று அப்பா சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். "சிதம்பரத்துப் பொண்ணு. இருவது வயசுதான் இருக்கும். சீசன் டிக்கெட் எடுத்திருக்கு. ஒரு வருஷத்துக்குத்தான் வேலையாம். இன்ஸ்பெக்டர் வந்து பாத்து நல்லா எழுதினா நிரந்தரமாயிடுமாம்."

"பாட்டுக்குக் கூடவா இன்ஸ்பெக்டரு?" என்றார் அம்மா.

சிதம்பரத்திலிருந்து காலை பாசஞ்சர். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், நடுவில் நான்கு நிலையங்கள். ஐந்தாவதாக நம் ஊர். அவர் ஒரு சுருதிப் பெட்டியைச் சிவப்புக்கரைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இடது கையில் அணைத்துக்கொண்டு இறங்குவார். உப்புக் காற்று பட்டால் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் கெட்டுவிடும் என்று பள்ளிக்கூட வாசல் தாண்டும்வரை துண்டைப் பிரிக்கமாட்டார்.

ஐந்தாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பாட்டு வகுப்புகள், செவ்வாயும் வெள்ளியும், பிற்பகல் இரண்டாவது பீரியட். முதல் செவ்வாய் உங்களுக்கு நினைவிருக்கும். பெட்டியைத் திறந்து ஊதவிட்டு, "ச" என்று பிடிக்கச் சொன்னார். நாற்பத்து மூன்று பேரும் நாற்பத்து மூன்று இடத்தில் பிடித்தோம். சைக்கிள் கடைக்காரர் மகன் வேண்டுமென்றே ஆடு மாதிரி கத்தினான். டீச்சர் பெட்டியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் கத்து."

பயந்துபோய்க் கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த வகுப்புல இந்த ஆடு ஒன்னுதான் சுருதியில கத்துது. நீ முன்னாடி வந்து உக்காரு."

அன்றிலிருந்து அவன் முதல் பெஞ்சு. தபால்காரர் மகளும் முதல் பெஞ்சு, அவள் உண்மையாகவே பாடுவாள். நான் ஏற்கனவே முதல் பெஞ்சில்தான் இருந்தேன், குள்ளம் என்பதால். டீச்சர் என் வாய்க்கருகில் காதை வைத்துக் கேட்டார். இரண்டு முறை கேட்டார். என் குரல் எந்தச் சுரத்திலும் நிற்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"உனக்கு எதுவரைக்கும் எண்ணத் தெரியும்?"

"லட்சம் வரைக்கும் டீச்சர்."

"எட்டுப் போதும்."

என் வலது கையை எடுத்து, என் தொடைமேல் வைத்துக் காட்டிக்கொடுத்தார். ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு. எட்டு. நான் அதுவரை எண்ணியவை எல்லாம் மேலே மேலே போய்க்கொண்டே இருப்பவை. சரக்கு வண்டிப் பெட்டிகள், ஓடுகள், படிகள், எல்லாம் அப்படித்தான். இது எட்டுக்குப் போய்விட்டு மறுபடி ஒன்றுக்கு வந்தது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. வகுப்பு பாடும், நான் தாளம் போடுவேன். நடுவில் சிரிப்பு வந்தாலும், தும்மல் வந்தாலும், என் எட்டு தப்பாது.

நான்காவது வாரம் சுருதிப் பெட்டியின் துருத்தி கிழிந்தது. ஊதினால் பாதிக் காற்று பக்கவாட்டில் போயிற்று. சிதம்பரத்தில் கொடுத்தால் பத்து நாள் ஆகும் என்றார் டீச்சர். "எங்க வாப்பா ஒட்டிடுவாங்க டீச்சர்," என்று சைக்கிள் கடைக்காரர் மகன் எழுந்து நின்றான். மூன்று பேர் பெட்டியோடு போனோம், டீச்சர், அவன், நான். அவன் வாப்பாவை ஊரில் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். பாய் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"டியூப்புன்னா தண்ணியில அமுக்கி ஓட்டையக் கண்டுபிடிப்பேன். இத என்னாம்மா பண்றது?"

"காதுல வச்சுப் பாருங்க பாய்."

பாய் பெட்டியைக் காதோடு வைத்து மெல்ல ஊதவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கடையில் காற்றடிக்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"இந்தா, இங்க மூச்சு வுடுது," என்று ஒரு மடிப்பில் விரலை வைத்தார்.

டியூப்பு ரப்பரைச் சதுரமாக வெட்டி, உரசி, சொல்யூஷன் தடவி ஒட்டினார். அதற்குப் பிறகு பாட்டு வகுப்பு என்றாலே சொல்யூஷன் வாசம்தான். இன்றைக்கும் பஞ்சர் கடைப் பக்கம் போனால் என் வலது கை தானாக ஒருமுறை தொடையைத் தட்டுகிறது. டாக்டரிடம் சொன்னேன், நரம்பு என்றார்.

எட்டு வாரம் இப்படிப் போயிற்று. பதினாறு வகுப்புகள், இரண்டு பாட்டுகள். ஜூலை மாதத் தேர்வில் நம் வகுப்பில் முப்பத்தொரு பேர் கணக்கில் தவறினோம், அதாவது தவறினீர்கள். ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பாட்டு வகுப்பின் நேரத்தில் ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். நமக்குக் கணக்குப் பாடம் எடுத்தது அவர்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கோட்டில் எப்போதும் சாக்குத்தூள்.

"பாட்டு எங்கயும் ஓடிப்போயிடாதும்மா," என்று டீச்சரிடம் சொன்னார். "கணக்குதான் இதுங்கள வுட்டு ஓடிடும். இன்னிக்கு ஒரு நாள் எனக்குக் குடு."

டீச்சர் கொடுத்தார். வெள்ளிக்கிழமையும் வந்தார். அடுத்த செவ்வாயும் வந்தார். அன்று டீச்சர் தயங்கி, "வேலைப் பதிவேட்டுல நான் என்ன எழுதறது சார்?" என்று கேட்டார். எந்தத் தேதியில் எந்தப் பாட்டு நடத்தினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு அது.

"நீ எடுத்ததாவே எழுதிடு. பாட்டு பீரியட்ல கணக்கு எடுத்தேன்னு எழுத முடியுமா? உம் பேருக்கு ஒரு கொறையும் வராது. நான் பாத்துக்குறேன்."

முதல் பெஞ்சில் இருந்ததால் இது என் காதில் விழுந்தது. டீச்சர் அவர் சொன்னபடி எழுதினார். இருபது வயதில், ஒரு வருட வேலையில், ஹெட்மாஸ்டர் சொன்னதை எழுதாமல் என்ன செய்வார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எதுவும் நினைக்கவில்லை. என் சிலேட்டில் மட்டும் குறித்தேன்.

அந்தச் சிலேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் மரச்சட்டத்தில் ஆணியால் கோடு கீறி வைப்பேன். இடப்பக்கச் சட்டத்தில் டீச்சர் எடுத்த பாட்டு வகுப்புக்கு ஒவ்வொரு கோடு. வலப்பக்கச் சட்டத்தில், ஹெட்மாஸ்டர் எடுத்துக்கொண்ட பாட்டு வகுப்புக்கு ஒவ்வொரு கோடு. இடப்பக்கம் பதினாறோடு நின்றது. வலப்பக்கம் நிரம்பி மேல் சட்டத்துக்குத் திரும்பிப் போயிற்று.

அந்த நேரத்தில் டீச்சர் மைதானத்துப் பூவரச மரத்தடியில் இருப்பார். அங்கே ஒரு உடைந்த பெஞ்சு இருந்தது, மூன்று கால், நான்காவது காலுக்கு இரண்டு செங்கல். சுருதிப் பெட்டியைத் துண்டோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு, மடியில் தாளை வைத்து ஊதா மையில் எழுதிக்கொண்டிருப்பார். தபால்காரர் மகள் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"என்னா டீச்சர் எழுதுறீங்க?"

"உங்க பாட்டுதான். பாடத்தான் நேரம் இல்ல, கையிலயாவது இருக்கட்டும்."

அந்த வருடத்துக்கென்று வைத்திருந்த பதினாறு பாட்டுகளையும் ஒரு நோட்டாக எழுதி, தைத்து, ஆளுக்கு ஒன்று கொடுப்பதாகத் திட்டம். நாற்பத்து மூன்று நோட்டு. நான் ஜன்னல் வழியே பார்த்து, பின்னக் கணக்குக்கு நடுவில், பெஞ்சின்மேல் விரலால் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் போட்டார்.

"விரல்ல என்னடா எண்ணுற? மனசுல எண்ணு."

பதினேழாவது கோடு ஐப்பசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது. ஹெட்மாஸ்டர் ஏதோ கூட்டம் என்று மஞ்சக்குப்பம் போயிருந்தார். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். சாத்த முடியாத நான்கு ஜன்னல்களிலும் மழை உள்ளே வந்தது. டீச்சர் நம்மையெல்லாம் நடுவில் நெருக்கி உட்கார வைத்து, கப்பல் பாட்டைக் கற்றுக்கொடுத்தார். அவரே கட்டிய பாட்டு. துறைமுகத்துப் பிள்ளைகளுக்கென்று கட்டியது.

கப்பல் வருது கப்பல் வருது
காத்தே கொஞ்சம் தள்ளிவிடு

நடுக்கடலில் நங்கூரம் போட்டிருந்த ஏதோ கப்பல் ஊதியது. டீச்சர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தி, அந்த ஊதலைக் கேட்கச் சொன்னார். "பாருங்க, அது நம்ம சுருதிக்குக் கொஞ்சம் கீழ இருக்கு," என்றார். சைக்கிள் கடைக்காரர் மகன், "அதுக்கும் ஓட்டை இருக்கும் டீச்சர், வாப்பாவ அனுப்புங்க," என்றான். டீச்சர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்த ஒருமுறைதான் பார்த்தேன். அன்று வகுப்பு மணி அடித்தும் பாடினோம். நான் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால் தெரியாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்து, பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு காய்வதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள், ஒன்றில் சிவப்பு மை. விடுமுறைகள் போக அன்றோடு இருபத்தேழு வாரம். பிற்பகலில் நம் வகுப்புக்கு வந்தார். டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில் சுருதிப் பெட்டியோடு நின்றார். ஹெட்மாஸ்டர் வாசல் நிலையில் நின்றார்.

மூன்று பாட்டையும் பாடினோம். நீங்கள் நன்றாகப் பாடினீர்கள். கப்பல் பாட்டுக்கு இன்ஸ்பெக்டரே மேஜையில் விரலால் தட்டினார், ஆறாவது எண்ணிக்கையில் தப்பு விட்டார். "நல்லாப் பாடுதுங்களே," என்று ஹெட்மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார். டீச்சர் பெட்டியை மூடப் போனார். எல்லாம் முடிந்துவிட்டது, வேலை நிரந்தரம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டினார்.

"பதினாறு பாட்டு நடத்தினதா எழுதியிருக்கு. நாலாவது பாட்டைப் பாடுங்க."

யாரும் பாடவில்லை. தபால்காரர் மகள் டீச்சரைப் பார்த்தாள்.

"சரி, அஞ்சாவது?"

யாரும் பாடவில்லை.

"மொத்தம் எத்தன பாட்டுதான் தெரியும்? யாராவது சொல்லுங்க. பயப்படாதீங்க."

யாரும் என்னை எழுப்பிவிடவில்லை. நானாகவே கையைத் தூக்கினேன். எண்ணிக்கையாக ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பதில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எழுந்து நிற்காமல் இருக்க என்னால் முடிந்திருக்காது.

"மூணு பாட்டு சார். பதினேழு பீரியட் சார்."

"பதினேழுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எண்ணி வச்சிருக்கேன் சார்."

சிலேட்டை நீட்டினேன். இடப்பக்கச் சட்டம் அவர் பக்கம் இருந்தது. வலப்பக்கச் சட்டம் என் உள்ளங்கைக்குள் இருந்தது. அவர் பேனா முனையால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது.

"பதிவேட்டுல அம்பத்து நாலு பீரியட்னு இருக்கே. மத்த பீரியட்லலாம் டீச்சர் எங்க இருப்பாங்க?"

"பூவரச மரத்தடியில சார்."

"அங்க என்னா பண்ணுவாங்க?"

"உக்காந்திருப்பாங்க சார்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணக்குப் போட்டோம் என்று சொல்லியிருப்பேன், யார் எடுத்தார் என்று சொல்லியிருப்பேன், எத்தனை முறை என்றும் சொல்லியிருப்பேன். "கெட்டிக்காரப் பையன்," என்று என் தோளில் தட்டிவிட்டு உட்கார்ந்து எழுதினார், சிவப்புப் பேனாவில். புதுச் சுண்ணாம்பு வாசத்தில் அந்த முனை தாளைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறந்தால், எடுக்காத வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லக்கூடியவர் ஹெட்மாஸ்டர் ஒருவர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். மூன்று முறை. எனக்குப் பழக்கமாகிவிட்டதால் எண்ணினேன். ஒரு எட்டு ஓடியது. இரண்டாவது எட்டு முடிவதற்குள் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்விட்டது. ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னான் பாரு. ஒன்னு கூட இல்ல, ஒன்னு கொறைய இல்ல. அதான் வேலைக்கு அழகு." ஆபீஸில் இருந்து ஒருபக்கம் சிவப்பு, ஒருபக்கம் நீலமாக ஒரு பென்சில் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா சொன்னதையே பிடித்துக்கொண்டு புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில். மேலதிகாரிகளுக்கு என்னைப் பிடிக்கும்.

எட்டு நாள் கழித்து ஹெட்மாஸ்டர் வகுப்பில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "டீச்சருக்குக் கல்யாணம் கூடியிருக்கு. நாளையோட நின்னுக்குறாங்க." மறுநாள் பெண்பிள்ளைகள் சேர்ந்து இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தீர்கள். டீச்சர் அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார்.

"போட்டுக்குங்க டீச்சர், நாங்க பாக்கணும்," என்றாள் தபால்காரர் மகள்.

போட்டுக்கொண்டார். போடும்போது ஒன்று உடைந்தது, மிச்சம் இருபத்து மூன்று. "எங்க, கடைசியா ஒருதரம்," என்று தொடையில் கையைத் தட்டித் தாளம் போட்டார். தட்டும்போதெல்லாம் வளையல் குலுங்கியது. நாமெல்லாம் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்து இளித்துக்கொண்டிருந்தோம். நானும்தான். கல்யாணம் என்று நானும் நம்பினேன்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு டிபன் கொண்டுபோனேன். சிதம்பரம் பாசஞ்சருக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அப்பா ஜன்னல் வழியாகவே பேச்சுக்கொடுத்தார்.

"கல்யாணம்னு பையன் சொன்னான். மாப்ள எந்த ஊரும்மா?"

"கல்யாணம்லாம் இல்ல சார். போகச் சொல்லிட்டாங்க."

அப்பாவுக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. யாரோ டிக்கெட்டுக்கு வந்தார்கள், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தூக்குச் சட்டியோடு டீச்சர் முன்னால் நின்றேன். டீச்சர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேனா, தெரியாது. அவர் கையில் வளையல் இல்லை. துண்டுக்குள் இருந்ததோ என்னவோ. அதை மட்டும் நான் எண்ணவில்லை.

"அவர் எடுத்த பீரியடையும் எண்ணினியா?" என்று கேட்டார்.

"எண்ணினேன் டீச்சர். சிலேட்ல இந்தப் பக்கம் இருக்கு."

"அதை ஏன் சொல்லல?"

"அவுங்க கேக்கல டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. முதல் நாள் என் வாய்க்கருகில் காதை வைத்துக் கேட்டபோது எப்படிப் பார்த்தாரோ, அப்படி.

"சரி," என்றார். "போய் அப்பாவுக்கு டிபனைக் குடு. ஆறிடப் போவுது."

வண்டி வந்தது, ஏறினார், போய்விட்டது. ஏழு பெட்டிகள். வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என் தலையில் கை வைத்துச் சொன்னார். "யாருகிட்டயும் இதச் சொல்லாத. கல்யாணம்னே இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கும் நல்லது, உங்க ஹெட்மாஸ்டருக்கும் நல்லது." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொண்டு இருந்ததாக நினைக்காதீர்கள். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அறுபத்தைந்து ஆண்டுகளில் முதல்முறையாகப் போன வியாழக்கிழமைதான் ஒருவன் கேட்டான்.

இன்னொன்று. அந்த வருடம் முழு ஆண்டுத் தேர்வில், கணக்குக்கு வழி போட்டுப் பார்க்க ஹெட்மாஸ்டர் கொடுத்த தாள்களை யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் ஊதா மையில் எழுதியிருந்தது. "வெத்துப் பக்கத்துல போடுங்க," என்றார். அப்போது காகிதத்துக்குத் தட்டுப்பாடு. டீச்சர் விட்டுப்போன அந்தக் கட்டு அவர் பீரோவில் சும்மா கிடந்தது, தையலைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்தது எட்டாவது பாட்டு. உப்பளத்து நண்டைப் பற்றியது, நான்கு வரி. அதன் முதுகில் பின்னக் கணக்குப் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கினேன். வகுப்பில் நான்கு பேர்தான் தவறினார்கள். இதையும் சொல்லியாக வேண்டும். ஹெட்மாஸ்டர் சொன்னது நடந்தது, கணக்கு நம்மை விட்டு ஓடவில்லை. நம்மில் பலர் மேலே படித்ததும் உத்தியோகத்துக்குப் போனதும் அந்தப் பிற்பகல்களால்தான். அவர் கெட்டவர் என்று எழுத நான் உட்காரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கும் யாரோ ஒரு மேலதிகாரி, ஏதோ ஒரு பயம் இருந்திருக்கும்.

அந்தத் தாளை வெகுநாள் வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாறியதில் போய்விட்டது. சிலேட்டு அதற்கு முன்பே உடைந்துவிட்டது. நண்டுப் பாட்டின் நான்கு வரியும் எனக்கு இன்னும் தெரியும். மெட்டுத் தெரியாது. அது டீச்சருக்கு மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் எழுதும்போது அழுகை வந்ததா என்று என் மனைவி கேட்டாள். வரவில்லை. முழங்கால் வலிக்கிறது, பேனா கசிகிறது, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் காலையிலிருந்து ஒலிபெருக்கி. வேறொன்றும் இல்லை. அன்று பிளாட்பாரத்தில் நின்றபோதும் இப்படித்தான் இருந்தது. உள்ளே ஏதாவது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை.

வேன் விஷயம். எண்பத்தைந்து வயதுக்காரருக்குப் பொன்னாடை எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை, வாங்கிவிட்டீர்கள். பாட்டுப் பாடுங்கள், நான் தாளம் போடுகிறேன். அது முடிந்ததும் எனக்கு ஒரு நிமிடம் வேண்டும். அவருக்குக் காது மந்தம் என்கிறான், உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் எல்லோருக்கும் கேட்கும். "டீச்சர், நீங்க எடுத்தது பதினேழு. ஹெட்மாஸ்டர் எடுத்தது முப்பத்தேழு." அந்த எண்ணை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அங்கேயும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலே சொல்வேன்.

இதைப் படித்த பிறகு, என்னை உங்களோடு உட்கார வைத்து அழைத்துப்போக மனம் வரவில்லை என்றால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். நான் பாசஞ்சரில் வந்துகொள்கிறேன். நடுவில் நான்கு நிலையங்கள்தான்.